அறை எண் நான்கின் கடலை எந்திரம்

2022ஆம் ஆண்டு விஜயதசமியன்று காலை பத்தேகாலுக்கு, கோவிலூர்ப் பக்கம் உள்ள பல்கலைக்கழகத்தின் தொழில்முனைவோர் மையத்தில், அறை எண் நான்கில் இருந்த கடலை எந்திரம் பார்வை இல்லாமலே விதை பிரிக்கத் தொடங்கியது. அன்று காரைக்குடியில் வெயில் அதிகம். மின்தடை இல்லை. எந்திரத்தைச் செய்தவர்கள் இறுதியாண்டு மாணவிகள் இருவர். ராஜப்ரியா ஒக்கூர்த் தச்சர் ஆசைத்தம்பியின் மகள். துர்காதேவியின் தகப்பனார் கோட்டைச்சாமிக்குச் சிங்கம்புணரி அருகே மூன்று ஏக்கர் கடலைக் கொல்லை. முந்தைய ஆண்டு அவர் விதைத்ததில் பாதி முளைக்கவில்லை. பார்வைக்கு எல்லாம் திரட்சியான பருப்புகள், உள்ளே உயிரில்லை. மூன்று நாள் வரப்பில் உட்கார்ந்திருந்துவிட்டு நான்காம் நாள் அவர் கொல்லையை மறுபடி உழுதார். இதைத் துர்கா விடுதியில் ராஜப்ரியாவிடம் சொன்னாள். ராஜப்ரியா ஒரு தாள் எடுத்துப் பெட்டி ஒன்றை வரைந்தாள்.

பெட்டியை ஆசைத்தம்பி வேங்கை மரத்தில் செய்து கொடுத்தார். மேலே கொட்டும் பருப்பு ஒவ்வொன்றாகக் கீழே விழும். முகப்பில் உள்ள கேமரா அதைப் பார்க்கும். நல்லது இடது கூடைக்கும் கெட்டது வலது கூடைக்கும் போகும். நல்லது என்று எந்திரம் ஒதுக்கிய நூறு விதையில் அறுபத்தொன்று முளைத்தது. நான்கு மாதம் முயன்றும் அது அறுபத்திரண்டு ஆகவில்லை. இந்த நிலையில் ஆயுத பூஜை வந்தது. ராஜப்ரியாவின் வீட்டில் அன்று உளி முதல் இழைப்புளி வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்து வைத்துக் குங்குமம் இடுவார்கள். அவள் எந்திரத்துக்கும் அப்படியே செய்தாள். பொரியும் சுண்டலும் படைத்து இருவரும் அறையைப் பூட்டினார்கள். மறுநாள் காலை எந்திரத்தை ஓடவிட்டு இரண்டு கிலோ பிரித்த பிறகுதான், திரையில் மஞ்சளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்பதைத் துர்கா கவனித்தாள்.

“அடியே, கேமராக் கண்ணாடியிலயே அப்பி வச்சிருக்கியேடி!”

“மனுசன்னா நெத்தி தெரியும். இதுக்கு நெத்தி எங்கன இருக்குன்னு நான் யார்ட்ட போயிக் கேக்க?”

கொட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார்கள். ஆனாலும் பழக்கப்படி இரண்டு கூடையிலிருந்தும் நூறு நூறு எடுத்து ஈரச்சாக்கில் கட்டி வைத்தார்கள். நான்காம் நாள் இடது கூடையின் நூறும் முளைத்திருந்தது. வலது கூடையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து ஓட்டினால் மறுபடி அறுபத்தொன்று. பொட்டு வைத்தால் நூறு. கறுப்பு நாடா ஒட்டினார்கள், துணி கட்டினார்கள், திருநீறு பூசினார்கள், மஞ்சள் வண்ணம் அடித்தார்கள். எதற்கும் அந்த நூறு வரவில்லை. மார்ச் மாதத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் முடிந்தன. இதற்கிடையில் கோட்டைச்சாமி மார்கழியில் விதைத்த கொல்லையில் ஓர் இடைவெளிகூட இல்லாமல் முளைத்திருந்தது. அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் டவுன் பஸ்ஸில் விதைப் பைகளோடு வரத் தொடங்கினார்கள். வாசல் காவலர் வருகைப் பதிவேட்டில் ‘யாரைப் பார்க்க’ என்ற இடத்தில் ‘எந்திரத்தை’ என்று எழுதிக்கொண்டார்.

மார்ச்சில் மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. குழு ஒப்புக்கொண்டால் படிப்பு முடிந்த பிறகும் ஓராண்டு அறை கிடைக்கும். இல்லையென்றால் எந்திரத்தைத் தூக்கிவிட வேண்டும். ராஜப்ரியாவுக்கு ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றிலிருந்து வேலைக்கான கடிதம் வந்திருந்தது. ஆசைத்தம்பி ஒரே தடவைதான் சொன்னார். “ரூம்பு குடுத்தாகன்னா இருந்து செய்யி. இல்லைன்னா ஜூன் ஒண்ணாந் தேதி ஓசூருக்கு வண்டி ஏறிரணும். அன்னைக்கு வந்து பேச்சு மாறப்படாது.” அவள் சரி என்றாள். விண்ணப்பத்தில் ‘இயங்கும் விதம்’ என்ற கட்டம் இருந்தது. குறைந்தது நூறு சொற்கள் வேண்டும். மையத்தின் பொறுப்பாளர் பேராசிரியர் பூமிநாதன் அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“பொட்டுன்னு எழுதுனா என்னையத்தான் சிரிப்பாக. சந்தனம் வழியா ஏதோ கதிர் ஊடுருவுதுன்னு நூறு வார்த்தை அடிச்சு விடுங்கம்மா. யாரு வந்து பாக்கப் போறா?”

“எழுதிருவமாடி?” என்று துர்கா கேட்டாள்.

ராஜப்ரியா சோதனை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தாள். பிறகு அவள் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று தட்டச்சு செய்தாள். மிச்சம் தொண்ணூற்றொன்பது சொற்களுக்குச் சோதனைத் தேதிகளையும் முளைத்த எண்ணிக்கையையும் வரிசையாக எழுதினாள்.

குழுவின் தலைவர் குமரப்பன் காரைக்குடிக்காரர். சென்னையில் இரண்டு ஆலைகள் நடத்துபவர். எந்திரம் தன் கண்ணெதிரே மூன்று படி பருப்பைப் பிரித்து முடிக்கும்வரை கைகட்டி நின்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கேமராவை அழுந்தத் துடைத்தார். “இப்ப ஓட்டுங்க” என்றார். அறுபத்தொன்றுதான் வரும் என்பதை ராஜப்ரியாவே முந்திக்கொண்டு சொன்னாள்.

“அப்ப இதுக்கு நான் கையெழுத்துப் போட்டேன்னா, நாளைக்கு ஆலையில ஒரு பய என் பேச்சைக் கேப்பானா?”

“காரணம் எங்களுக்குத் தெரியாது சார். தெரிஞ்ச மாதிரி எழுதவும் முடியாது. முதல்ல பொட்டோட பிரிச்சதுல நீங்களே எடுத்துட்டுப் போயி முளைக்கப் போட்டுப் பாருங்க. தப்பா இருந்தா நானே பெட்டியத் தூக்கிர்றேன்.”

குமரப்பன் இரண்டு கூடையிலிருந்தும் ஐம்பது ஐம்பது எடுத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டார். ஒரு கல்யாணத்துக்காக அந்த வாரம் முழுவதும் காரைக்குடி வீட்டில்தான் இருந்தார். பொட்டலங்களை ஈரத்துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஐந்தாம் நாள் பூமிநாதனுக்குப் போன் வந்தது.

“இடது பொட்டலம் அம்பதும் முளைச்சிருச்சு. வலதுல ஒண்ணுகூட இல்ல” என்றார் குமரப்பன். “எங்க வீட்டுல கூப்பிட்டுக் காட்டுனேன். நல்ல வெதை முளைக்கும், இதுல என்ன இருக்குங்கிறாக. எனக்குத்தான் ரெண்டு நாளாச் சோறு எறங்கல. அந்தப் பிள்ளைகளுக்கு ரூமைக் குடுங்க.”

ராஜப்ரியா ஓசூருக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டாள். சேதி கேட்ட ஆசைத்தம்பி பாராட்டவில்லை. அடுத்த பெட்டிக்கு வேம்புதான் சரி, பூச்சி அரிக்காது என்று சொல்லிவிட்டு அளவு கேட்டார். 2023 ஆடிப் பட்டத்தில் பதினாறு ஊர்களின் விதை அறை எண் நான்கு வழியாகப் போனது. அடுத்த ஆண்டு நான்கு எந்திரங்கள் ஆயின, அதற்கடுத்த ஆண்டு பதினொன்று. கணக்கும் பழுதும் துர்காவின் பொறுப்பு. ராஜப்ரியா வாரத்துக்கு ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு காரணம் தேடுகிறாள். சோதனைகள் மூவாயிரத்தைத் தாண்டிவிட்டன. காரணம் இன்னும் அகப்படவில்லை. அவள் விடுவதாகவும் இல்லை.

மையத்தின் விண்ணப்பத்தை 2025இல் திருத்தினார்கள். ‘இயங்கும் விதம்’ என்ற கட்டத்துக்கு மேலே ‘தெரியும்’, ‘இன்னும் தெரியவில்லை’ என்று இரண்டு வட்டங்கள் வந்தன. அந்த ஆண்டு விண்ணப்பித்த இருபத்து மூன்று குழுக்களில் ஒன்பது குழுக்கள் இரண்டாம் வட்டத்தை நிரப்பின. சோதனைப் பட்டியலைப் பார்த்து அவற்றில் ஆறுக்கு அறை கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று அறை எண் ஏழு. அங்கே இரண்டு மாணவர்கள் செய்துள்ள மின்விசிறி, சுவிட்சைப் போடுவதற்கு ஒரு நிமிடம் முன்பே சுற்றத் தொடங்குகிறது. அதன் கீழே யாரும் தாள்களைப் பரப்பி வைக்க வேண்டாம் என்று பூமிநாதன் எழுதி ஒட்டியிருக்கிறார்.