தோய்த்த துணி

பெரிய மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் ஒரு விடுதி உண்டு. குறை மாதத்தில் பிறந்து, தூரத்து ஊர்களிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவரப்படும் பிள்ளைகளின் பெற்றோர் வாடகையில்லாமல் தங்குவதற்காக, நல்ல மனம் படைத்த சிலர் நடத்துவது. அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள். அழுது களைத்து வருகிறவர்களுக்குச் சூடாகச் சாப்பாடும் வெளுத்த படுக்கை விரிப்பும் இருந்தால் பாதித் துயரம் குறையும் என்பது அக்காவின் நம்பிக்கை. அழுக்கைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது. “ஜாக்கிரதை, அக்கா கண்ணுல பட்டா நம்ம நிழலையும் தோய்ச்சுக் காயப் போட்டுடுவாங்க” என்று அங்கே தங்குகிறவர்கள் கேலி செய்வார்கள்.

மாடி அறையில் தங்கியிருந்தவன் தரையில் டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி. அவன் மகள் எதிரே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். பிரசவ அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரத்த அழுத்தம் இறங்காததால், மனைவி இன்னும் சொந்த ஊர் ஆஸ்பத்திரியிலேயே படுத்திருந்தாள். பெற்ற பிள்ளையை அவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஒரு தொல்லை. தூக்கத்தில் மூச்சு விட மறந்துவிடும். உடனே கருவி மணியடிக்கும். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலில் மெல்லத் தட்டினால், “அட, ஆமாம்” என்பதுபோல மறுபடி மூச்சு விடும். தாயின் வாசம் பட்டால் பிள்ளை அமைதியாகும் என்று நர்ஸ் ஒரு வழி சொல்லியிருந்தார். மனைவி ஒரு சின்னத் துணியை நெஞ்சோடு வைத்திருந்து, தெரிந்த கண்டக்டர் மூலம் பஸ்ஸில் அனுப்புவாள். அதைப் பிள்ளையின் தலைமாட்டில் வைப்பார்கள். துணி இருக்கும் நாட்களில் மணிச் சத்தம் குறைவு. தகப்பன் அதையே வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான்.

அன்று காலை வந்த துணியை நாற்காலியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது நாற்காலி காலி. ஜன்னல் வழியே பார்த்தான். கீழே கொடியில், துண்டுகளுக்கு நடுவே, பளிச்சென்று அந்தத் துணி ஆடிக்கொண்டிருந்தது.

படியில் இறங்கினானா விழுந்தானா என்று அவனுக்கே தெரியாது.

“அக்கா! அதைத் தோய்ச்சிட்டீங்களா?”

“ஆமா தம்பி. ஏதோ பால் கறை மாதிரி இருந்துச்சு. பச்சப்புள்ள துணியாச்சேன்னு நல்லா கசக்கி...”

“அது அவ அம்மா வாசம்க்கா.”

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்கா தாங்கியிருப்பாள். ஈரத் துணியை முகத்தில் வைத்துப் பார்த்தான். சோப்பு வாசம்தான் வந்தது. அடுத்த துணி நாளைக்குத்தான் வரும். அதற்குள் பிள்ளை மூச்சை மறந்துவிட்டால்?

அவன் மருத்துவமனைக்கு நடந்தான். அக்கா துணியைச் சூடாக இஸ்திரி போட்டு உலர்த்தி எடுத்துக்கொண்டு, பின்னாலேயே ஓடினாள். இனி அதனால் பயன் உண்டா என்று அவளுக்குத் தெரியாது. சும்மா இருக்க மட்டும் முடியவில்லை.

நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டார். “சரி, துணி போனா போகுது. ஆள் இருக்கீங்களே.”

“நானா?” அவன் பின்வாங்கினான். “என் கையைப் பாருங்க சிஸ்டர். சிமெண்டு தின்ன கை. உப்புத்தாள் மாதிரி இருக்கு.”

“உங்க பொண்ணு மகாராணி, கையிலயா படுக்கப் போறாங்க? நெஞ்சுல. டாக்டர் நேத்தே சரின்னுட்டார். நீங்கதான் தொடவே பயந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிக்கிறீங்க. போய் முழங்கை வரைக்கும் கழுவிட்டு, சட்டையைக் கழட்டிட்டு வாங்க.”

சாய்வு நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். குழாய்களோடும் கம்பிகளோடும் பிள்ளையைத் தூக்கி அவன் மார்பில் கிடத்தினார் நர்ஸ். அக்கா கொண்டுவந்த துணியை வாங்கிப் பார்த்து, பிள்ளையின் கன்னத்துக்கு அடியில் செருகினார்.

“என்ன, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?”

“நான் விட்டா அவளுக்கு அதிருமே.”

“விடுங்க. இல்லன்னா உங்க காலையும் நான்தான் தட்டணும்.”

அவன் மூச்சு விட்டான். பிள்ளை அவனோடு ஏறி இறங்கியது. அவன் தினமும் தூக்கும் டைல்ஸ் ஒன்றின் கனம்கூட இல்லை. ஆனாலும் அந்தக் கனத்தின் கீழ் அவனால் அசைய முடியவில்லை. ஒரு கை மெல்ல விரிந்து அவன் மார்பைப் பற்றியது. ஒவ்வொரு விரலிலும் நகம். அரிசி நுனியைவிடச் சிறிய நகம், ஓரம் பிசகாமல் பதிந்திருந்தது. ஓரம் சேர்ப்பதே அவன் பிழைப்பு. இப்படி ஒரு ஓரத்தை அவன் எங்கும் கண்டதில்லை. ‘யார் இதைப் பதிச்சது?’ என்று நினைத்ததும் கண் நிறைந்தது.

அப்போது மணியடித்தது.

பிள்ளையின் முதுகு அசையவில்லை. நர்ஸ் காலைத் தட்டக் கை நீட்டினார். பயத்தில் அவன் நெஞ்சு பெரிதாக விம்மி ஏறியது. அதோடு பிள்ளையும் ஏறியது. இறங்கும்போது அந்தச் சின்ன முதுகு தானாக ஒருமுறை விரிந்தது. பிறகு இன்னொரு முறை. மணி நின்றது. நர்ஸின் கை அந்தரத்திலேயே நின்றது.

“நான் தொடவே இல்லை” என்றார் நர்ஸ், குரலைத் தாழ்த்தி.

கண்ணாடிக்கு வெளியே அக்கா கைகூப்பி நின்றாள். இத்தனை வருடம் அந்தச் சந்தில் இருந்தும், ஒரு மூச்சு வருவதை அவள் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை.

பிள்ளையைப் பெட்டிக்குத் திருப்பியபோது நர்ஸ் துணியை உருவி அக்காவிடம் நீட்டினார். “இப்ப இதுல மகாராணி வாசம் இருக்கு. அவங்க அம்மாவுக்கு அனுப்புங்க. மோந்து பார்த்தா பாலும் நல்லா ஊறும்.”

அக்கா அதைச் சுத்தமான பையில் மடித்து, பஸ் நிலையத்துக்குத் தானே போய்க் கண்டக்டரிடம் கொடுத்தாள். “தம்பி, இதை யாரும் தோய்ச்சிடாம பார்த்துக்கோ” என்றாள். கண்டக்டர் விழித்தான்.

மறுநாள் காலை மனைவி போனில் பேசினாள். வெகுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

“என்ன, அழுறியா?”

“இல்ல. மோந்து பார்க்குறேன்.” பிறகு சொன்னாள்: “எம் பொண்ணு வாசம். கூடவே கொஞ்சம் சிமெண்டு வாசம்.”

“குளிச்சிட்டுத்தான் போனேன்டி!”

“இருக்கட்டும். அதுவும் இருக்கட்டும்.”