டிக்கியில் ஒரு சொட்டு

கிளட்சை மிதிக்க முழங்கால் ஒத்துழைக்காததால் என் சிவப்புக் காரை விற்க வேண்டியதாயிற்று. எழுபதாம் வருடம் டெட்ராய்ட் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது எப்படியிருந்ததோ, அப்படியே அதை ஆறு வருடம் உழைத்து ஆக்கியிருந்தேன். வாங்க வந்த ஹால்வர்சன் டார்ச்சோடு குனிந்து, டிக்கி மூடியின் உட்புறம் வழிந்து காய்ந்திருந்த பெயின்ட் சொட்டைக் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன பெரியவரே, கண்ணு மங்கிடுச்சா? பரவால்ல, நான் தேய்ச்சு எடுத்துக்கிறேன்."

"தேய்க்கிறதா இருந்தா வண்டி உனக்கு இல்ல தம்பி. அந்தச் சொட்டு சரியா வரணும்னு மூணு தடவை பெயின்ட் அடிச்சேன்."

"வேணும்னே யாராவது சொட்டு விடுவாங்களா?"

"எழுபதுல அந்தத் தொழிற்சாலையில டிக்கிக்கு பெயின்ட் அடிச்சதே நான்தான். சாப்பாட்டு மணி அடிச்சா, பாதியில விட்டுட்டு ஓடுவோம்; பெயின்ட் இப்படித்தான் வழிஞ்சு காயும்."

ஹால்வர்சன் சிரித்தார். பிறகு மறுபடி குனிந்து அந்தச் சொட்டை விரலால் மெல்லத் தொட்டார்.

"தேய்க்க மாட்டேன். கேக்கறவங்ககிட்ட உங்க பேரைச் சொல்றேன்."

சாவியைக் கொடுத்தேன்.