புருல் பொறுக்கி எடுத்த கத்திகள்

மலையடிவார ஊரான கராகோலின் சந்தையில், இரும்புக்கடை வரிசையில் புருல் நுழைந்தாலே கடைக்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். விலை கூடிய எதையும் அவள் தொடமாட்டாள். மலிவானதிலும் பெரும்பகுதியை ஒதுக்கிவிடுவாள். மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் முகாம்களில் வெகுகாலம் சமையல்காரியாக இருந்தவள். பிடி கழன்ற கத்தியோடு மழையில் உட்கார்ந்து ஆட்டுக்கறி அரிந்த நாட்கள் அவளுக்கு நிறைய உண்டு.

அந்த வருடம்தான் அவளும் ஜூதாரும் சேர்ந்து சொந்தமாக மலைப்பயணம் நடத்தத் தொடங்கியிருந்தார்கள். ஜூதார் வழிகாட்டி, அவளைவிட இளையவன். ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் புருலின் கணவன் பனிச்சரிவில் சிக்கியபோது, உடலைத் தேடிக் கயிறு கட்டி முதலில் இறங்கியவன் அவன்தான். அன்றிலிருந்து அவளை அக்கா என்றான். அவளும் அந்தச் சொல்லை அப்படியே நம்பினாள்.

"இதுல என்ன குறை கண்டே?" என்றார் கத்திக் கடை இஸ்மார். "நல்லதுல இருக்கற அதே ஆரஞ்சுப் பிடி, அதே நீளம். விலையோ பாதி."

புருல் கத்தியைத் திருப்பிப் பிடியின் அடியைக் காட்டினாள். "வால் எங்கேண்ணே? இரும்போட வால் பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஓடி, அடியில வெளியே வந்து, பொத்தான் மாதிரி தட்டியிருக்கணும். இதுல பொத்தான் மாதிரி பெயின்ட் அடிச்சிருக்கீங்க."

"ரொட்டி வெட்ட வால் எதுக்கும்மா?"

"மலையில ரொட்டி மட்டுந்தான் வெட்டுறாங்களா?"

ஜூதார் பக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். "விட்ருங்கண்ணே. இவங்க மாப்பிள்ளை பார்க்கப் போனாலும் முதல்ல முதுகெலும்பைத் தட்டித்தான் பார்ப்பாங்க."

"உன்னைப் பார்க்க வந்தவங்க அப்படித் தட்டிப் பார்த்திருந்தா, நீ இன்னும் ஒண்டிக்கட்டைதான்" என்றாள் புருல். இஸ்மார் விழுந்து விழுந்து சிரித்தார்.

பெட்டியைக் கவிழ்த்து, வால் முழுக்க ஓடிய கத்திகள் ஆறைப் பொறுக்கினாள். அவ்வளவுதான் இருந்தன. கைக்கோடரிகளில், பிடி மரத்தின் ரேகை நேராக நீளவாக்கில் ஓடியதாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். கூடாரத்துக்கு முளைகள் எடுத்தபோது ஒவ்வொன்றையும் கல்லில் வைத்து மிதித்துப் பார்த்தாள். தோல் உறை வாங்கவில்லை. பழைய பூட்ஸ் தோலில் தானே தைத்துக்கொள்ளலாம் என்றாள். அப்புறம் இருவரும் நின்றபடியே ஆளுக்கொரு கிண்ணம் காரமான அஷ்லான்-ஃபூ நூடுல்ஸ் சூப் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள்.

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பிடியிலும் சின்னதாக ஒரு வெட்டு போட்டாள். முகாமில் கத்திகள் கலந்துபோனால் தன்னுடையது எது என்று தெரிய வேண்டுமே.

"இடக்கைக்காரி வெட்டு எல்லாம் ஒரே பக்கம் சாயுது" என்றான் ஜூதார்.

"சாஞ்சா என்ன, எனக்குத் தெரிஞ்சா போதும்."

முதல் பயணத்துக்கு அல்மாத்தியிலிருந்து பள்ளி ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். ஜிர்கலான் பள்ளத்தாக்கில் குதிரைகளோடு நாலு நாள் நடை. கிளம்பும் காலையில் ஜூதார் மூட்டைகளைக் கட்டி வண்டியில் ஏற்றினான். ஏற்றி முடித்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல், இந்த முறை தன்னால் வர முடியாது என்றான்.

"போய்ப் புள்ளையைப் பாரு. வழி எனக்குத் தெரியும்" என்றாள் புருல். அவன் கட்டிய மூட்டையை அவள் ஒருநாளும் அவிழ்த்துச் சரிபார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

குதிரைக்காரன் காதிர் ஜிர்கலானில் வந்து சேர்ந்துகொண்டான். அதிகம் பேசாத ஆள். மூட்டையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டான். புருல் சமையலுக்குத் தன் பழைய கத்தியையே வைத்திருந்தாள், அதனால் புதியவற்றைக் கையில் எடுக்க அவளுக்கு வேலை வரவில்லை. மறுநாள் விறகு பிளக்கும்போது கோடரித் தலை ஆடுவதாகக் காதிர் சொன்னான்.

"புது மரம், வெயில்ல சுருங்கியிருக்கும். ஆப்பு வெச்சு அடி" என்றாள்.

மூன்றாம் நாள் பிற்பகல், கணவாய்க்குக் கீழே புல்வெளியில் கூடாரம் அடித்துக்கொண்டிருந்தபோது ஆலங்கட்டி மழை பிடித்தது. முளைகள் ஒவ்வொன்றாக வளைந்தன. கூடாரத் துணி படபடத்துப் பறந்ததில் குதிரைகள் மிரண்டன. பழுப்புப் பெட்டைக் குதிரை ஒன்று தன் கட்டுக்கயிற்றிலேயே சுற்றிக்கொண்டு ஓடைக்கரையில் விழுந்தது. கயிறு கழுத்தை இறுக்கியது. எழ முயன்ற ஒவ்வொரு தடவையும் இன்னும் இறுகியது.

காதிர் ஓடிப்போய் அதன் தலைமேல் முழங்காலை ஊன்றி, கயிற்றுக்கு அடியில் கத்தியை நுழைத்து மேல்நோக்கி இழுத்தான். பிடி அவன் கையோடு வந்தது. இரும்பு தனியாகத் திரும்பி, அவன் உள்ளங்கையைக் குறுக்கே கிழித்தது.

அவன் கத்தவில்லை. "அக்கா, கயிறு" என்றுதான் சொன்னான். புருல் சமையல் கத்தியோடு ஓடிவந்து கயிற்றை அறுத்தாள். பெட்டை எழுந்து நடுங்கிக்கொண்டே நின்றது. காதிர் தன் கையைப் பார்த்தான். நடுவிரலும் மோதிர விரலும் மடங்க மறுத்தன.

ஆசிரியைகளில் ஒருத்தி தன் கழுத்துத் துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். புருல் கையை இறுக்கிக் கட்டி, அவனைக் குதிரையோரம் உட்காரவைத்து, அப்புறம்தான் புல்லில் கிடந்த பிடியை எடுத்தாள். உள்ளே இரும்பின் வால் இருந்த துளை ஒரு விரல் ஆழம்கூட இல்லை. அடியில் பெயின்ட் பொத்தான்.

முதலில் அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். ஒன்றைச் சரியாகப் பார்க்காமல் எடுத்துவிட்டோமோ என்று. ஓடிப்போய் மூட்டையைக் கொட்டினாள். மிச்சம் இருந்த கத்திகள் எல்லாமே அந்த ரகம்தான். இஸ்மார் மாற்றிக் கொடுத்துவிட்டாரா? ஆனால் ஒவ்வொரு பிடியிலும் அவளுடைய வெட்டு இருந்தது. வீட்டில் போட்ட வெட்டு. விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாம் மறுபக்கம் சாய்ந்திருந்தன.

வலக்கைக்காரன் ஒருவன் உட்கார்ந்து, பொறுமையாக, ஆறு கத்தியிலும் போட்ட வெட்டு. அந்த வெட்டைப் பற்றித் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. கீழே இறங்கும் வழியெல்லாம் ஆசிரியர்களுக்கு டீ போட்டாள், ரொட்டி அரிந்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். காதிர் ஒருதரம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கை எனக்குத்தானே போச்சு, நீங்க ஏன் செத்த மாதிரி வர்றீங்க?" என்றான்.

கராகோல் வந்ததும் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே ஜூதார் வீட்டுக்குப் போனாள். குழந்தை வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சா?" என்றாள்.

ஜூதாரின் மனைவி நாஜிக் விழித்தாள். "காய்ச்சலா? அவன் போன மாசம் தும்மினதோட சரி. அவரைத் தேடியா வந்தீங்க? அவர் ஆத்தங்கரைல புது இடத்துலதானே இருக்கார். மலையேறுறவங்களுக்குன்னு கம்பெனி ஆரம்பிச்சதைச் சொல்லலையா உங்ககிட்ட?"

"சொன்னான், மறந்துட்டேன்" என்றாள் புருல். நாஜிக்கை நோக வைக்க அவளுக்கு மனமில்லை.

ஆற்றங்கரைக் கொட்டகையில் கயிறுகளும் பனிக்கோடரிகளும் வரிசையாகத் தொங்கின. மேசையில் அவளுடைய கத்திகள் கிடந்தன, பிடிகளில் நீல டேப் சுற்றி. ஒன்றை எடுத்து டேப்பை உரித்தாள். அவள் போட்ட வெட்டு, அவள் பக்கம் சாய்ந்திருந்தது.

ஜூதார் உள்ளேயிருந்து வந்தவன் அப்படியே நின்றான். "அக்கா. உக்காருங்க."

"காதிருக்கு ரெண்டு விரல் மடங்கலை. நரம்பு அறுந்துபோச்சாம்."

அவன் முகம் வெளுத்தது. "என் கம்பெனிக்கு வந்தவங்க மறுநாளே பனிமலை ஏறணும்னாங்க. நல்லதையெல்லாம் நீங்க பொறுக்கிட்டீங்க, இஸ்மார் அண்ணன் பெட்டியில மிச்சம் எதுவும் இல்ல. பனியில ஏறுறது உயிர் சமாச்சாரம் அக்கா. உங்க ஆளுங்க புல்லுல நடக்கறவங்க. அவங்களுக்கு அது போதும்னு நினைச்சேன்."

"போதும்னு நினைச்சவன் எதுக்குடா வெட்டுப் போட்டே?"

அவன் குனிந்து, அவள் உரித்துப் போட்ட நீல டேப்பைப் பொறுக்கினான்.

"கம்பெனி ஆரம்பிக்கறேன்னு சொல்லியிருந்தா நானே பாதியை எடுத்துக் குடுத்திருப்பேன். சொல்லாம தூக்கிட்டுப் போயிருந்தாக்கூட, திருட்டுப் பயன்னு திட்டிட்டு விட்டிருப்பேன். நீ உக்காந்து ஒவ்வொண்ணா என் வெட்டைப் போட்டிருக்கே. போடுறப்போ என் மூஞ்சி ஞாபகம் வந்திருக்குமே."

"வந்துச்சு" என்றான் மெதுவாக.

பொய் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கத்திகளையும் கோடரியையும் முளைகளையும் சாக்கில் போட்டாள். அடுத்த குழு வரவிருந்தது, வேறு வழியில்லை. அவன் தூக்கி வரக் கை நீட்டினான். "வேணாம்" என்றாள்.

வீட்டில் எல்லாவற்றையும் மறுபடி சோதித்தாள். கத்திகளுக்கு எண்ணெய் பூசி, தீட்டி, நன்றாகத்தான் வைத்திருந்தான். அதைப் பார்த்ததும் அத்தனை நாள் வராத அழுகை வந்தது.

காதிர் கை தேறி வந்ததும் அவனையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள். விரல்கள் பாதிதான் மடங்கின; கடிவாளத்தை இடக்கையில் பிடிக்கப் பழகிவிட்டான். அந்தக் கோடையில் அவர்கள் மூட்டைகளை இரண்டு பேரும் சேர்ந்து கட்டினார்கள், அவன் கட்டியதைப் புருல் அவிழ்த்துப் பார்த்தாள். காதிர் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. பார்க்கும்போது புருலுக்குத்தான் கூசியது.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் மினிபஸ் நிறுத்தத்தில் கூட்டத்துக்குள்ளிருந்து "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. "என்னடா" என்று அவள் வாய் சொல்லிவிட்டது, யார் என்று மனம் உணர்வதற்கு முன்பே. ஜூதார் நம்பிக்கையோடு ஓரடி முன்னால் வந்தான். புருல் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியில் ஏறினாள். வீடு வந்து சேரும்வரை அவளுக்குத் தன் வாய்மேல்தான் கோபம்.