பதினேழாம் நம்பர் கரும்பு

சௌக்கத் அலியைக் கண்டால் எனக்கு ஆகாது. என்னைக் கண்டால் அவனுக்கும் ஆகாது. திருவொற்றியூர் கால்வாய்த் துறையில் அவன் கரும்பு மண்டியும் சாறு பிழியும் மெஷினும் வைத்திருந்தான். நான் கரும்பு நோய் பார்க்கும் சர்க்கார் உத்தியோகஸ்தன். பதினேழாம் நம்பர் கரும்பு ரகத்துக்குச் செவ்வழுகல் நோய் வராது என்று ஊர் ஊராகச் சீட்டு எழுதிக் கொடுத்த மகானுபாவன்.

"உன் பதினேழு புளிக்குதுய்யா" என்று ஐம்பத்திரண்டாம் வருஷப் பொங்கலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தான். "உன் மெஷின் கலீஜ், அதான் புளிக்குது" என்று நானும் துறை முழுக்கச் சொல்லிவைத்தேன். ஜனங்கள் அவன் கடைப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்?

மாசியில் ஒரு நாள் காலை, அவன் வாயை அடைக்கவென்றே, மண்டியில் ஒரு கழியை உருவி நெடுக்கப் பிளந்தேன். உள்ளே ஒரே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, கள் வாடை. இன்னொன்றைப் பிளந்தேன். அதுவும் அப்படியே.

"மிச்சம் எங்கே?"

"வெதைக்குக் கரணை வெட்டி அப்பாவு படகுல ஏத்திட்டேன். நோவே வராதுன்னு நீ குடுத்த சீட்டு கீதே, இன்னா பயம்?"

அப்பாவு கால்வாய் வழியே வந்து விதை வாங்கிப்போகும் குடியானவன். அந்தக் கரணைத் துண்டுகளை நட்டால் அவன் ஊர்க் கரும்பு அத்தனையும் போச்சு. பிளந்த கழியோடு ஓடினேன். படகுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான் அப்பாவு.

"இறக்கு அப்பாவு! கரும்பு அழுகல்!"

அவன் மடியிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினான். "உங்க கையெழுத்துதானே சாமி? பாய் மேல கீற கோவத்துல எங்க பொழப்புல மண்ணைப் போடாதீங்க. உங்க சண்டை ஊருக்கே தெரியும்."

கழியைக் காட்டினேன். "குப்பையில பொறுக்கினு வந்தீங்களா?" என்றான்.

பின்னாலேயே வந்த சௌக்கத் அலி கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நீயாவது சொல்லேன்யா" என்றேன்.

"மொதல்ல என் மெஷினைப் பத்தி சொல்லு. அன்னிக்கு ஊரைக் கூட்டி சொன்னியே, அதே மாதிரி."

படகு நகரத் தொடங்கியது.

"பாய் மெஷின் சுத்தம்!" என்று கத்தினேன். "என் கரும்புதான் அழுகல். நான் எழுதிக் கொடுத்தது தப்பு!"

சௌக்கத் அலி இடுப்பளவு தண்ணீரில் குதித்துப் படகைப் பிடித்தான்.

"எறக்குடா அப்பாவு. இந்த ஆளு மூஞ்சில முழிச்சாலே எனக்கு பேஜாரு. ஆனா இப்போ சொல்றது நெசம்."

கரணைகளைக் கரையில் கொட்டி மண்ணெண்ணெய் ஊற்றினோம். சௌக்கத் அலி, அப்பாவு கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி, அதில்தான் முதல் நெருப்பை வைத்தான்.