அம்மணி ஓட்டினால் டயர் தேயுமாம்

தொண்ணூற்றாறு தீபாவளிக்கு எடுத்த கார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, முன்பக்கத்து இடது டயர் உள்விளிம்பில் மொட்டையாகிவிட்டது. மற்ற மூன்றும் புதுசு போலவே இருக்கின்றன. சர்வீஸ் சென்டர் மேனேஜர் கோவிந்தராஜுலு குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், என்னைத் தாண்டிப் போய் என் வீட்டுக்காரர் பிரான்சிஸ் முன்னால் நின்றார்.

"ஏனுங்க சார், அம்மணிதான் ஓட்டுறாங்களா? அதானுங்க. லேடீஸ் கைக்கு ஸ்டீரிங் நிக்காதுங்க. வண்டியில ஒரு கோளாறும் இல்லீங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலை பார்க்கும் பாங்கில் லோன் போட்டது நான். தினமும் கோவையிலிருந்து சோமனூர் கிளைக்கு லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போவது நான். பிரான்சிஸுக்குச் சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. ஆனால் மீசை இருக்கிறதே, அதனால் விளக்கம் அவருக்கு! எங்கள் ஊர் மரியாதை அப்படி. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டே ஆளைக் குழியில் தள்ளி மண்ணையும் மூடிவிடுவார்கள்.

"எடுத்த நாள்ல இருந்தே இடப்பக்கமா இழுக்குதுன்னு ஒவ்வொரு சர்வீஸ்லயும் சொன்னனுங்களே" என்றேன்.

"போகப் போகச் சரியாப் போயிருமுங்க அம்மணி" என்றார், பிரான்சிஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே.

பிரான்சிஸ் தலையாட்டினார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். நேற்று டயரைப் பார்த்ததுமே, "உனக்கு ஓட்ட வரலையாட்ட இருக்குது கண்ணு. வித்துப்போட்டு பஸ்ஸுலயே போயிரலாம்" என்ற மனிதர் அவர். மேனேஜர் வாயாலும் அதே வந்துவிட்டது. இனி விட்டால் கார் போயிற்று. பஸ்ஸில் கண்டவன் இடிக்க இடிக்கப் போய் வந்த வருஷங்கள் எனக்கல்லவா தெரியும்!

சாவியை மேனேஜரிடம் நீட்டினேன். "நீங்களே ஓட்டுங்க. நாங்க ரெண்டு பேரும் பின்னால உக்காந்துக்கறோம்."

நீலம்பூர் தாண்டி, முன்னும் பின்னும் வண்டி இல்லாத நேர் ரோட்டில், "இப்ப மெதுவாப் போய்க் கைய எடுங்க" என்றேன்.

"கைய எடுத்துப்போட்டு எப்படீங்க ஓட்டறது?"

"லேடீஸ் கையிலதான் கோளாறுன்னீங்க. என் கையும் வேண்டாம், உங்க கையும் வேண்டாம். எடுங்க."

எடுத்தார். அவ்வளவுதான், கார் இடது பக்கம் சாய்ந்து மண்ணில் இறங்கிப் புளியமரத்தைப் பார்க்கப் போனது. பாய்ந்து பிடித்து, பிரேக்கை மிதித்து நிறுத்தினார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். பிறகு திரும்பினார், மறுபடியும் பிரான்சிஸ் பக்கமே!

"சார், வீல் அலைன்மென்ட்டுதானுங்க. ஆரம்பத்துலயே விட்டுப்போச்சாட்ட இருக்குது. சரி பண்ணி, டயரும் மாத்திக் குடுத்தர்றேனுங்க சார்."

"அவகிட்டச் சொல்லுங்க. வண்டி அவளுது. எனக்கு ஓட்டவே தெரியாதுங்க" என்றார் பிரான்சிஸ். சொல்லிவிட்டு, பெரிய உபகாரம் செய்துவிட்டவர் போல என் முகத்தைப் பார்த்தார்.

மேனேஜர் இருக்கிறாரே என்றுகூட நான் பார்க்கவில்லை.

"இத அங்கயே சொல்லறதுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.