கேமராவுக்கு அந்தப் பக்கம்

சட்டையின் மேல்பொத்தான் ஏறவில்லை. வலது தோளில் துணி இழுத்துப் பிடித்தது. அவள் அப்பாவின் கழுத்துக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, துணியைப் பின்பக்கமாகத் தளர்த்திப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை. முப்பத்தெட்டு வருடம் மூட்டை உட்கார்ந்த இடம். சதை காய்த்து, உள்ளங்கை அகலத்துக்கு மேடாகி, செருப்புத் தோல் மாதிரி இறுகிக் கிடந்தது. காலையில் உயிர் போனதிலிருந்து மற்ற இடமெல்லாம் நிறம் மாறிவிட்டது. அது மட்டும் நேற்றும் இப்படியேதான் இருந்திருக்கும்.

"விடு. மேல் பட்டன் போடாட்டி என்ன," என்றான் அண்ணன். கால்மாட்டில் நின்று கால்சட்டை வாரைச் செருகிக்கொண்டிருந்தான்.

"அவரு எப்பவும் போடுவாரு."

"எனக்குத் தெரியாதா? கூட இருந்தது நானு."

 அவள் இந்த வீட்டுப் படியேறி எட்டு மாதம் ஆகிறது. அண்ணியிடம் ஊசியும் நூலும் வாங்கி, பொத்தானை அறுத்தெடுத்து அரை அங்குலம் தள்ளித் தைத்தாள். பிறகு போட்டாள். ஏறியது.

அத்தை உள்ளே வந்து தம்பியின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். அழுது தொண்டை கட்டியிருந்தது. "தூங்கற மாதிரியே இருக்கான். முகம் கறுக்கறதுக்குள்ள நாலு படம் எடுத்துருடி."

மூலையில் அவளுடைய கறுப்புப் பை இருந்தது. காலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை நிறுத்தி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணனின் போன் வந்தது. மூன்று வகுப்பு பாக்கி. அப்படியே கிளம்பி வந்துவிட்டாள். பையை வழியில் எங்கே போடுவது?

"இன்னிக்கு நான் எடுக்கல அத்தை."

"பின்ன யாரு எடுப்பா? உங்கப்பனா எழுந்து எடுப்பான்?"

"நாலு மணிக்கு வண்டி வந்துரும்," என்றான் அண்ணன். "வர முடியாதவங்க எல்லாம் படம் அனுப்பு, படம் அனுப்புன்னு உயிர வாங்கறாங்க. நீ சும்மாதானே நிக்கிற?"

சும்மாதானே. பன்னிரண்டு வருடமாக இந்த வார்த்தை. அண்ணன் கல்யாணம், அவன் பிள்ளைக்குப் பேர் வைத்தது, அத்தை மகள் கல்யாணம், அத்தை மகளின் நாத்தனார் கல்யாணம். கேமராவுக்கும் ஆயுசு உண்டு, இத்தனை லட்சம் அமுக்கு என்று கணக்கு உண்டு, அப்புறம் உள்ளே இருக்கும் கதவு தேய்ந்து நின்றுவிடும் என்று ஒருமுறை அண்ணியிடம் சொல்லிப் பார்த்தாள். "ஒரு பொத்தான அமுக்கறதுக்கு இவ்ளோ பேச்சா?" என்று அண்ணி சிரித்தாள். கல்யாணம் முடிந்து எல்லாரும் படுத்துத் தூங்கும்போது, ஒருத்தி மட்டும் ஒரு வாரம் திரை முன்னால் உட்கார்ந்து ஆயிரம் முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்குவது யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் அது வேலை இல்லை. உட்கார்ந்துகொண்டு செய்வதை அந்த வீட்டில் வேலை என்று சொல்வதில்லை.

மூன்று வருடம் முன்பு அம்மா செத்தபோதும் அவள்தான் எடுத்தாள். நானூற்றுப் பன்னிரண்டு படம். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில் ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். அந்த நாளில் இன்று நினைவிருப்பது, இடப்பக்க ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது ஒன்றுதான். ஆல்பம் போட்டுக் கொடுத்தாள். அட்டை சரியில்லை என்றாள் அத்தை. தன் முகம் கறுப்பாக விழுந்திருக்கிறது, கொஞ்சம் வெளுப்பாக்கித் தா என்றாள் அண்ணி. துக்கம் விசாரிக்கத் தாமதமாக வந்த ஒரு பெண் ஆல்பத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு அவளிடமே கேட்டாள்: "ஒரு பொண்ணு உண்டுன்னாங்களே, அது வரலியா?"

அவள் அந்த ஆல்பத்தை மறுபடி திறந்ததில்லை.

பையைத் திறக்காமல், போனை மட்டும் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். துணி துவைக்கும் கல்மேல் அப்பாவின் சோப்பு காய்ந்து கிடந்தது. நெட்டையை அழைத்தாள்.

நெட்டை அடுத்த தெருவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் அவள் கடை வாசலில் வந்து நின்று சண்டை போட்டவன். "அந்த வீட்டுக் கல்யாணம் எனக்கு வரவேண்டியது. நீங்க இனாமா எடுத்துட்டீங்க. இப்ப போறவன் வர்றவன் எல்லாம் 'அந்தப் பொண்ணு சும்மா எடுக்குது, உனக்கென்னய்யா கேடு'ங்கறான். உங்க சொந்தக்காரங்களுக்கு நீங்க நல்ல பேர் வாங்க, என் அடுப்புல ஏங்க தண்ணி ஊத்துறீங்க?"  சுமைக்கூலிக்காரன் வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவன் பாதிக் கூலிக்கு லாரி இறக்கினான் என்று அவன் தலைத்துண்டைப் பிடுங்கிச் சக்கரத்தடியில் எறிந்தவர் அவள் அப்பா.

அதே அப்பாதான், கூலியாட்கள் லாரிக்குக் காத்திருக்கும் சுமைக்கூடம் முழுக்க அவள் உழைப்பை வாரிக் கொடுத்தார். வேலையை விட்டு நின்ற பிறகும் தினம் அங்கேபோய் உட்கார்ந்து, "எம் பொண்ணு வருவா, காசு கீசுன்னு பேசாதீங்க" என்று யார் வீட்டு விசேஷத்துக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வருவார். பெருமை. எட்டு மாதம் முன்பு கூடத்து மேஸ்திரி மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான். அந்த முறை அவள் சுமைக்கூடத்துக்கே போனாள். ஆட்கள் முன்னால் கேட்டாள்: "உங்க தோள என்னிக்காவது சும்மா குடுத்திருக்கீங்களாப்பா?"

அப்பா துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன் பிறகு அவள் அவரைப் பார்த்தது இன்று காலைதான்.

போனில் நெட்டை பதறினான். "அய்யோ, எப்பங்க? தோ வர்றேன். காசப் பத்தி எல்லாம் பேசாதீங்க. உங்க வீட்டுச் சாவுக்கு நான் காசு வாங்குவேனா?"

"வாங்கலேன்னா வராதீங்க."

"என்னங்க இப்படிப் பேசறீங்க?"

"சும்மா வந்தீங்கன்னா பத்து படம் எடுத்துட்டுக் கையக் கட்டி நிப்பீங்க. இதச் சரியா எடுங்கன்னு நான் சொல்ல முடியாது. உங்களுக்கு நாற்காலி போடணும், தண்ணி குடுக்கணும், நாளைக்கு நீங்க கூப்பிட்டா நான் வரணும். இன்னிக்கு என்னால யாரையும் கவனிக்க முடியாதுங்க."

 அவன் குரல் மாறியது. கடையில் பேசுகிற குரல். "சாவுக்கு என்ன ரேட்டுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"பாதி முன்பணம்."

"இப்பவே அனுப்பறேன்."

"மூணு மணிக்கு இருப்பேன்," என்று வைத்துவிட்டான். அவள் அங்கேயே நின்று பணத்தை அனுப்பினாள்.

விஷயம் தெரிந்ததும் அண்ணன் கத்தினான். "வீட்டுல போட்டோக்காரிய வச்சிக்கிட்டு வெளியாளுக்குக் காசா? கொழுப்பு உனக்கு."

"காசு என்னுது."

"காசு யாருதா இருந்தா என்ன, மானம் யாருது? பாக்கறவன் சிரிக்க மாட்டான்?" என்றாள் அத்தை.

"சிரிச்சுட்டுப் போகட்டும் அத்தை. நான் அப்பா பக்கத்துல உக்காரணும்."

உட்கார்ந்தாள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பழக்கமில்லை. வருகிறவர்கள் அண்ணனிடம் போய்க் கையைப் பிடித்தார்கள், அத்தையைக் கட்டிக்கொண்டார்கள். அவளைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்துவிட்டு நகர்ந்தார்கள். ஒரு கிழவர் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "கேமரா எங்கம்மா?" என்றார்.

இரண்டரைக்கு மேஸ்திரி ஆறு பேரோடு வந்தார். வண்டிவரை சவப்பெட்டியை அவர்களே தூக்குவதாகப் பேச்சு. வாசலில் நின்று அளவு பார்த்தார்கள். சண்டை வந்துவிட்டது. ஆறு பேருக்கும் காய்த்தது வலது தோள். பெட்டியின் இடப்பக்கம் நிற்கிற மூன்று பேருக்குத்தான் அது ஒத்துவரும். மற்ற மூன்று பேர் இடது தோளில் ஏற்ற வேண்டும்.

"எனக்கு இடது பழக்கமில்ல மேஸ்திரி. சறுக்கிரும்."

"அப்ப பின்னாடி பாத்து நட. வலது தோள் அந்தப் பக்கம் வந்துரும்."

"உள்ள படுத்திருக்கறவரையே கேளு, அவருக்கும் வலதுதான்."

துக்க வீடு என்பது மறந்து இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் சட்டைப்பைக்குள் கையை விட்டுக்கொண்டு, "உங்களுக்கு எவ்வளவுன்னு..." என்று ஆரம்பித்தான். மேஸ்திரி அவனை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் கையை வெளியே எடுத்தான்.

மேஸ்திரி உள்ளே வந்து, அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டியருகில் நின்றார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு வராதவள்.

"அன்னிக்கு நீ கேட்டுட்டுப் போனதுக்கப்புறம் உங்கப்பன் கூடத்துப் பக்கமே வரலம்மா," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். "என்மேல கோவமாங்க?"

"நாங்க கேக்கல." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "கேட்டாலும் சொல்ற ஆளா அவன்?"

அவ்வளவுதான். வெளியே போய்விட்டார். அவள் இன்னும் ஏதாவது வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு நெட்டை நிலைப்படியில் குனிந்து நுழைந்தான். அவளிடம் துக்கம் விசாரிக்கவில்லை. பையை வைத்தான், லென்ஸை மாற்றினான், அறையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். முகம் எடுத்தான், கைகளை எடுத்தான், வாசலில் அடுக்கிக் கிடந்த செருப்புகளை எடுத்தான். ஸ்டூல் கேட்டான். வாங்குகிற காசுக்கு வேலை செய்கிறவன் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

"குடும்பத்தார் எல்லாம் வந்து நில்லுங்க. வண்டி வர்றதுக்குள்ள ஒண்ணு எடுத்துரலாம்."

அண்ணன் தலைமாட்டில் நின்றான், அவனருகில் அண்ணி, எதிர்ப்புறம் அத்தை, அத்தையின் பிள்ளைகள். தோளோடு தோள் ஒட்டி நின்றுவிட்டார்கள். அண்ணி முன்னால் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். இடப்பக்க ஜன்னல் வெளிச்சம் அத்தையின் கன்னத்தில் வெள்ளையாக அடித்தது. அவள் போய்த் திரைச்சீலையைப் பாதி இழுத்துவிட்டாள். இப்போது சரி. பிறகு அண்ணனின் நிற்பைப் பார்த்தாள். "அண்ணே, கொஞ்சம் முன்னாடி வா," என்றாள். அவன் வந்தான்.

நெட்டை கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினான்.

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

அவள் அவனுடைய வலப்பக்கத்தில், ஒரு முழம் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் இல்லீங்க. அந்தப் பக்கம் போங்க."

போனாள். பெட்டியைச் சுற்றி வந்தாள். நுழைய இடமில்லை. அவளை விட்டுவிட்டு நின்று நின்று பழகிய வரிசை அது. அவர்கள் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், அவள் எதற்கு வருகிறாள் என்பதுபோல.

"அவங்களுக்கு எடம் விடுங்கம்மா," என்றான் நெட்டை அத்தையிடம். "மகதானே?"

அத்தை அரையடி நகர்ந்தாள். அந்த அரையடியில் அவள் ஒருக்களித்து நின்றாள். அப்பாவின் வலது தோள் அவளுக்கு நேர் கீழே இருந்தது. கைகளை என்ன செய்வது? ஆயிரக்கணக்கான பேருக்குக் கையை இப்படி வைங்க, அப்படி வைங்க என்று சொன்னவள். முதலில் பின்னால் கட்டினாள். பிறகு முன்னால் கொண்டுவந்தாள். கடைசியில் ஒரு கை தானாக இறங்கிச் சட்டைக்குமேல் அந்தக் காய்ப்பின்மீது உட்கார்ந்தது. கை நிறைய இருந்தது.

"எல்லாரும் இங்க பாருங்க."

கேமரா ஒருமுறை சொடுக்கியது. நெட்டை படத்தைப் பார்த்தான், நிமிர்ந்தான்.

"ஒருத்தர் மட்டும் கீழ பாத்துட்டாங்க. இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

யாரென்று அவளுக்குத் தெரியும். வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.