ரஹிம், எட்டரை மணி

பங்குக் கோயிலில் கொடுத்த காலண்டர் சமையலறையில் தொங்கியது. மின்கட்டணம், மகளின் டியூஷன், அன்பியக் கூட்டம் என்று எல்லாவற்றையும் ஷெரில் அதில்தான் நீலப் பேனாவால் குறித்துவைப்பாள். ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் மட்டும் பென்சிலால் எழுதியிருந்தது: 'ரஹிம் 8.30'.

அவள் கணவன் டெரன்ஸ், பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறான். குறை எங்கே என்று பார்ப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். பென்சில் என்றால் அழிக்கலாம். முந்தின மாதத் தாளைப் புரட்டினான். இரண்டு செவ்வாய்க் கட்டங்களில் ரப்பர் தேய்த்த தடம் இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்ததும் 'ர' தெரிந்தது.

அவர்களுக்குத் தெரிந்தவர்களில் ரஹிம் என்று யாரும் இல்லை. ஷெரில் தினமும் ஃபெர்ரி ஏறி பட்டர்வொர்த்துக்குப் போய், ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறாள். அன்று சாப்பிடும்போது, ஆபிஸில் புதிதாக யாராவது சேர்ந்திருக்கிறார்களா என்று சாதாரணமாகக் கேட்டுப் பார்த்தான்.

"ஸுல்கிஃப்லின்னு ஒருத்தர். அடுத்த வருசம் பென்ஷன். ஏன், நீங்க வேலைக்கு எழுதிப் போடப் போறீங்களா?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அவன் கணக்கில் சேர்த்துக்கொண்டான். கைபேசி இப்போதெல்லாம் கவிழ்ந்தே கிடந்தது. அவன் உள்ளே வந்தால் அம்மாவின் அறையில் பேச்சு நின்றது. அமலம்மாளுக்கு அறுபத்தாறு வயது. மருமகளோடு பத்து வருடமாக உப்புக்கும் புளிக்கும் சண்டை போட்டவள், இந்த இரண்டு மாதமாக அவளோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். ஒரு மாலை கதவுக்கு வெளியே நின்றபோது அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "ரஹிம் என்னதான் சொல்றானாம்?" அதைத் தொடர்ந்து இருவரும் சிரித்தார்கள்.

பெற்ற தாயும் இதற்கு உடந்தையா?

அந்த வாரத்தில்தான் மகள் கிறிஸ்டல், பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். முதலாம் படிவத்தில், அதாவது ஏழாம் வகுப்பில், படிக்கிற பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் வராமலிருக்கத் தடுப்பூசி. பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். டெரன்ஸ் அதை இரண்டு முறை படித்தான். உடலுறவால் பரவும் கிருமி என்ற வரியில் கண் நின்றது. பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இப்போது என்ன அவசரம் என்றான். ஷெரில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இதுல மட்டும் பிடிவாதம் பிடிக்காதீங்க. சொல்லிட்டேன்."

இவ்வளவு உறுதியாக அவள் எதையும் கேட்டதில்லை. அதனாலேயே அவன் கையெழுத்துப் போடவில்லை. இந்த நோயைப் பற்றி இவளுக்கு என்ன அவ்வளவு அக்கறை என்று யோசித்தபடி படிவத்தைத் தொலைக்காட்சிக்கு அடியில் செருகிவைத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு இரவு ஷிப்ட் முடிந்தது. ஓவர்டைம் இருக்கிறது என்று வீட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, ஜெலுத்தோங்கில் தன் அடுக்குமாடிக்கு எதிரே இருக்கும் பெட்ரோல் நிலையத்தில் மோட்டாரை நிறுத்தினான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஏழே முக்காலுக்கு ஷெரில் கீழே வந்தாள். ஆபிஸுக்குப் போடுகிற சட்டை இல்லை. அவள் பின்னாலேயே அம்மா, ஞாயிறு பூசைக்கு உடுத்தும் சேலையில், சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாடகைக்குக் கூப்பிட்ட கிராப் கார் வந்து நின்றது. இருவரும் ஏறினார்கள்.

கார் ஃபெர்ரித் துறைப் பக்கம் திரும்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. டெரன்ஸ் மோட்டாரை வைக்க இடம் தேடி, வழி தவறி, இரண்டு மாடி ஏறி இறங்கி, கடைசியில் பெண்கள் பகுதிக்கு வந்தான். அப்போதுகூட அங்கே உட்கார்ந்திருந்த நான்கைந்து ஆண்களின் முகத்தைத்தான் முதலில் பார்த்தான். பிறகு சுவரில் இருந்த சுவரொட்டியைப் பார்த்தான். கான்சர் பங்கல் ரஹிம் என்று பெரிய எழுத்தில் இருந்தது. ரஹிம் என்றால் மலாயில் கருப்பை; பங்கல் ரஹிம், கருப்பைவாய். ஐந்தாம் படிவத்தில் மலாய்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் அவன். காலண்டரில், பக்கத்தில் ஒரு நேரத்தோடு அந்தச் சொல்லைப் பார்த்தபோது அது ஓர் ஆளாக மட்டுமே தெரிந்தது.

அம்மாதான் அவனை முதலில் கண்டாள். "நீ ஏன்டா இங்க வந்தே?"

ஷெரில் திரும்பினாள். தொழிற்சாலைச் சீருடையையும் தலையிலிருந்த ஹெல்மெட்டையும் பார்த்தாள். அவளுக்குப் புரிய அதிக நேரம் பிடிக்கவில்லை.

"எங்கேருந்து பின்னாலே வர்றீங்க? வீட்டுலேருந்தா?"

அவன் அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

மீதியை அவள் அங்கேயே, பக்கத்து நாற்காலிக்காரர்களுக்குக் கேட்காதபடி சொன்னாள். பதினைந்து வருடத்துக்கு முன்பே நின்றுபோன உதிரப்போக்கு அமலம்மாளுக்குப் பிப்ரவரியில் திரும்ப வந்திருக்கிறது. ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாமல் துணியைத் தானே துவைத்திருக்கிறாள். ஷெரில் கண்டுபிடித்து கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். சதை எடுத்துச் சோதித்தார்கள். இரண்டாம் கட்டம். கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். முதல் நாள் நர்ஸ், எல்லாரும் மிஸி என்று கூப்பிடுகிறவள், ரஹிம், ரஹிம் என்று விளக்கிக்கொண்டே போக, அமலம்மாள் மருமகளின் காதில், "யாரு அந்த ரஹிம், டாக்டரா?" என்று கேட்டாளாம். அத்தனை பயத்திலும் இருவரும் சிரித்துவிட்டார்கள். மகன் எதிரே நோயின் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவள் சத்தியம் வாங்கியிருந்ததால், அன்றிலிருந்து அதுவே நோய்க்குப் பெயர்.

"என்கிட்ட ஏம்மா மறைச்சே?" என்று டெரன்ஸ் கேட்டான்.

அமலம்மாள் முந்தானையை விரலில் சுற்றினாள். மிஸி நூருல் ஹுதா அவளிடம் பல தடவை விளக்கியிருந்தாள்: இந்தக் கிருமி முப்பது வருடம்கூட உடம்பில் தூங்கும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அமலம்மாளுக்கு யாரிடமிருந்து என்பதில் சந்தேகமே இல்லை.

"அவங்களாலே சொல்ல முடியாது. என்னாலே முடியும். நான் உங்கப்பாவைத் தவிர வேற யாரையும் அறியேன்."

அப்பா மைக்கேல் கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். வருடத்தில் எட்டு மாதம் கடலில் இருப்பார். இறந்து ஒன்பது வருடமாகிறது. எண் கூப்பிட்டார்கள், அம்மா உள்ளே போனாள்.

வெளியே வந்த மிஸி, மருமகளுக்கு வயது என்ன, சோதனை செய்ததுண்டா என்று விசாரித்தாள். நாற்பத்தொன்று, செய்ததில்லை. இப்போது டாக்டர்கூட வேண்டியதில்லை, குச்சி மாதிரி ஒன்றைத் தருவோம், கழிப்பறையில் நீங்களே எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுங்கள் என்றாள். அடுத்த வாரமே ஷெரில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் எடுத்துக் கொடுத்தாள். டெரன்ஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலையே பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேசையில் வைத்திருந்தான். அவள் அதை எடுத்து மகளின் பையில் போட்டாள். அவன் மன்னிப்புக் கேட்டபோது, சரி என்று மட்டும் சொன்னாள்.

அம்மாவைக் கதிர்வீச்சுக்கு அவனே கூட்டிப்போனான். காத்திருந்த நேரத்தில் அங்கே கிடந்த கையேடுகளை எல்லாம் படித்தான். பெரும்பாலோருக்கு வந்து போகும் கிருமி. யார் மீதும் பழியில்லை. மனைவிக்கு எப்படி முடிவு வந்தாலும் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டான்.

மூன்றாம் வாரம் செய்தி வந்தது. ஷெரில் படித்துவிட்டு, கைபேசியை அவனிடம் நீட்டினாள்.

பாசிட்டிவ். மேல் சோதனைக்கு வரவும்.

ஒரு வரி படிக்கிற நேரம்தான். அதற்குள் அவன் மனம் ஃபெர்ரித் துறைக்குப் போய்விட்டது. ஒருநாள் மழையில் அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்ட ஆபிஸ்காரன் அஸ்லான். அவள் ஆபிஸின் வருடக் கடைசி விருந்து. கல்யாணத்துக்கு முன் ஈப்போவில் அவளைப் பெண் பார்த்துப் போனதாக அவள் சொன்ன ஒருவன். தொழிற்சாலைக் கூட்டாளிகளோடு அவன் எல்லை தாண்டி, மசாஜ் விடுதிகளுக்குப் பேர்போன ஹாட்யாய் போய் இரண்டு இரவு தங்கியது கடைசியில்தான் நினைவுக்கு வந்தது, வேறு யாரோ போனதைப் போல.

"ஒன்னுமில்லே, சேர்ந்து பார்த்துக்கலாம்" என்றான்.

நிமிர்ந்தபோது அவள் கைபேசியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"பதினாலாம் தேதி வரச் சொல்லியிருக்காங்க. அத்தை கூட வர்றேன்னு சொல்லிட்டாங்க."

"அம்மாவாலே நடக்கவே முடியலே. நான் லீவு போடறேன்."

"வேணாங்க." அவள் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. "நான் அங்க போய்ப் படுத்துக்கிட்டு உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியாது."